நிரம்ப மறுத்த பங்கர்

ஊறப்போட்ட உளுந்தைக் கையால் பிசைந்து பிசைந்து கழுவக் கழுவ, கறுப்புத் தோல் மேலே மிதந்து வரும், அதை வடித்துவிட்டு இன்னொரு தண்ணி, பிறகு இன்னொரு தண்ணி, வெள்ளைவெளேர் என்று வரும்வரைக்கும் கை ஓயாது, ஆனால் வாய்க்கு ஒரு வேலையும் இல்லை. ஆட்களுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. உளுந்துக்கு முன்னால் வரும். அதனால் குண்டு விழுகிற நேரம் ஒளிக்க எங்கள் வளவில் வெட்டின பங்கரின் கதையை உளுந்துக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் கேளுங்கோ.

சண்டை முடிந்து, முகாமில் வைத்திருந்து, பெயர் கூப்பிட்டு, பஸ்ஸில் ஏற்றி எங்களை முதிரைவட்டையில் திரும்ப இறக்கியபோது வளவில் வீடு இல்லை, வேலி இல்லை, தென்னைகளுக்குத் தலை இல்லை, கிணற்றுக்குள் ஆரோ ஒருவருடைய சைக்கிள் கிடந்தது, பங்கர் மட்டும் நேற்று வெட்டினது போலப் படிக்கட்டு அழியாமல், பனங்குத்தி உக்காமல், சீலையில் தைத்த மண்மூட்டைகள் சுற்றிவர அடுக்கியபடியே எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அந்த மூட்டைகளில் ஒன்று என்னுடைய கல்யாணச் சீலை. சிவப்பில் பச்சைக் கரை. சாக்கு கிடைக்காத நாளில் நானே வெட்டி நானே தைத்தது.

வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயருக்கும் ஒரு வீடு விழுந்தது. இவருக்கு, என் புருஷன் நிமலரூபனுக்கு, அன்றைக்கு நிலத்தில் கால் படவில்லை. ஆனால் கண்ணிவெடி எடுக்கிறவர்கள் எங்கள் வளவில் வெள்ளைக்கட்டை நட்டுக் கால் வைக்கலாம் என்று விட்டது முன்பக்கத் துண்டு மட்டும்தான், அந்தத் துண்டின் நட்டநடுவில் பங்கர். அளவெடுக்க வந்த ஓவசியர் ஐயா குடையை மடக்கி அதன் வாயைத் தட்டிக் காட்டினார்.

"மாசம் முடியிறதுக்குள்ள இதை மூடி, அத்திவாரம் கட்டியிருக்கோணும். இல்லையெண்டால் பேரை வெட்டி அடுத்த ஆளுக்குக் குடுத்திடுவம். பிறகு என்னட்டை அழுது பிரயோசனமில்லை."

மாரி மழை வர ஒன்றரை மாதம் இருந்தது. நாங்கள் தகரத்துக்குக் கீழே இருந்தோம், பிள்ளை மிதுஷாவுக்கு ஒன்றரை வயது, நெஞ்சில் எப்போதும் சளி.

றஃபீக் நானா செட்டிகுளத்தில் இருந்து டிப்பர் லொறியில் கிரவல் மண் கொண்டுவந்தார். முதலாவது டிப்பரைச் சரித்தார், பங்கரின் அடி தெரிந்தது. இரண்டாவது டிப்பரைச் சரித்தார், அடி தெரிந்தது. மூன்றாவது டிப்பரையும் சரித்துவிட்டு இறங்கிவந்து குனிந்து பார்த்தார். அடி தெரிந்தது, அதில் ஒரு தேரை இருந்தது, அது அவரைப் பார்த்தது.

"தங்கச்சி, இது பங்கரா, இல்லாட்டி எங்கட வாப்பாட வயிறா?" என்றார் நானா.

ஊர் வந்து பார்த்தது. ஒருவரும் ஆவென்று வாயைப் பிளக்கவில்லை. ஒரு முழு வீட்டை ஒரு சைக்கிளில் கட்டிக்கொண்டு பத்துத் தரம் இடம்பெயர்ந்த சனத்துக்கு மண் குடிக்கிற பங்கர் ஒரு பெரிய விஷயமா? பக்கத்து வளவுப் புவனேஸ் அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "தாகமாக்கும், குடிக்கட்டும் விடு" என்றா. மேசன் கதிர்காமு அண்ணை மட்டும் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நெற்றியைச் சொறிந்தார்.

அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால் மூன்று டிப்பர் கிரவலும் பங்கர் வாசலுக்கு வெளியே மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது, மலை உச்சியில் ஒரு விளக்குமாறு தலைகீழாக நட்டு நிற்கிறது.

"ஆரோ எங்களுக்கு விளக்குமாறு காட்டுறாளடா ரூபன்!" என்று புவனேஸ் அக்கா பக்கத்து வளவில் நின்று கத்தினா.

இவருக்கு ரோசம் வந்துவிட்டது. மண்ணைத் திரும்ப உள்ளே தள்ளினார், வாசலில் இருந்த மண்மூட்டைகளையும் சேர்த்துத் தள்ளினார், என்னுடைய கல்யாணச் சீலை மூட்டையும் அதோடு போனது. விடிய மண் வெளியே வந்தது, அதோடு ஒரு கூடை சாணியும் வந்தது. இவர் முள்ளு வெட்டிப் போட்டார். விடிய ஒரு இலைக்கூடு வந்தது, இவர் அதை அப்பாவி மாதிரிக் கையில் எடுத்துப் பிரித்தார், உள்ளே முழுக்கக் கடிக்கிற செவ்வெறும்பு, முசுறு! சாரத்துக்குள் முசுறு ஏறின மனிதன் ஆடுகிற ஆட்டத்தை நீங்கள் கண்டிருக்கிறீர்களோ தெரியாது. அவர் ஆட, கதிர்காமு அண்ணை தாளம் போட, ஊர்ச் சனம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். சண்டை முடிந்து பதினாறு மாதம், அதற்குள் நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான், என்னுடைய குரல் எனக்கே புதிசாக இருந்தது.

"சிரி, நல்லாச் சிரி. நாளைக்கு அவையளுக்குப் பாம்பு பிடிச்சு அனுப்புறன்" என்றார் இவர், சொறிந்துகொண்டே.

எனக்கு அந்த விளக்குமாற்றில்தான் கண். அதை நான் எறியவில்லை. ஈர்க்குகளைக் கட்டியிருந்த துண்டு ஒரு பழைய சீலைக் கரை, மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சின் நுனியை உள்ளே செருகி, பிள்ளைக்குத் தலை பின்னிவிடுகிற மாதிரி இறுக்கி இருந்தது. ஒரு பொம்பிளை கட்டின கட்டு. பங்கரின் அந்தப் பக்கத்தில் ஒரு முற்றம் இருக்கிறது, அதைக் கூட்டுகிற ஒருத்தி இருக்கிறா, அவவுடைய முற்றத்தில் நாங்கள் மூன்று டிப்பர் கிரவலைக் கொட்டிவிட்டுப் பாம்பும் பிடிக்கப் போகிறோம்.

இவர் தண்ணி அள்ளப் போன நேரம் பார்த்து, நான் பாற்சோறு காய்ச்சி, முகாமில் தந்த அலுமினியச் சட்டியோடு கொண்டுபோய்ப் பங்கரின் அடியில் வைத்து, கழன்றிருந்த ஈர்க்குகளை இறுக்கிக் கட்டி விளக்குமாற்றையும் பக்கத்தில் சாத்திவிட்டு மேலே ஏறித் திரும்பிப் பார்த்தேன். தேரைதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் நான் செய்த பிழை எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரே ஒரு சட்டி.

"ரஞ்சி, சட்டி எங்கை?" என்றார் இவர் வந்து.

"போயிட்டுது."

"எங்கை போயிட்டுது?"

"பக்கத்து வீட்டுக்கு" என்றேன், வேறு என்ன சொல்லுகிறது என்று தெரியாமல். அன்றைக்கு நாங்கள் பிஸ்கட் சாப்பிட்டோம்.

விடிய மண் வெளியே வரவில்லை. சட்டி வந்தது. சாம்பல் போட்டு மினுக்கியிருந்தது, அந்தச் சட்டிக்கு அப்படி ஒரு முகம் இருக்கிறது என்று நான் அதுவரை அறியேன். உள்ளே வாழையிலையில் சுற்றின கொண்டைப் பணியாரம் பன்னிரண்டு, அதற்கு மேல் எங்கள் மிதுஷாவுக்கு அளவாக ஒரு சட்டை, சிவப்பில் பச்சைக் கரை. மண்மூட்டையைப் பிரித்து, துவைத்து, காயவைத்து, கைக்குச் சுருக்கு வைத்து, என்னுடைய கல்யாணச் சீலையை அந்தப் பொம்பிளை சட்டையாகத் தைத்து அனுப்பியிருந்தா. நான் படிக்கட்டில் குந்திவிட்டேன். இவர் ஒரு பணியாரத்தைக் கடித்து, யோசித்து, இன்னொன்றைக் கடித்து, "எண்ணெய் நல்ல எண்ணெய்தான்" என்றார். பாம்புப் பேச்சு அதோடு முடிந்தது.

சட்டையின் மடிப்புக்குள் ஒரு கடிதம் இருந்தது, சிங்களம். முகாமில் நாங்கள் படித்த சிங்களம் வரிசை, தண்ணி, நில் என்கிற மூன்று சொல்லோடு சரி. றஃபீக் நானா டிப்பரின் பொனற்றில் சாய்ந்து நின்று ஊருக்கே கேட்க வாசித்தார்.

"என் முற்றத்தில் கிரவல் கொட்டிய ஆட்கள் அறிய எழுதுவது. கலேவத்தையில் இருக்கும் குசுமா. குரக்கன் காயப்போட இடமில்லாமல் நாலு நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் புருஷன் ஜினதாசவின் முதுகு பிடித்துக்கொண்டது. முசுறு அனுப்பினது நான்தான், மன்னிக்கவும், முள்ளு அனுப்பினது நீங்கள்தானே. எங்கள் பங்கரில் நாங்கள் பதினேழு வருஷம் படுத்து எழும்பினோம், இப்போதுதான் அதற்குள் பூசணி நட்டேன், அதையும் மூடிவிட்டீர்கள். சோற்றுக்கு உப்புக் காணாது. ஆனால் நல்ல சோறு."

"கலேவத்தை எங்கை இருக்கு?" என்றார் இவர்.

"சண்டைக்குக் கட்டின மண்ணணைக்கு அங்கால. றோட்டால போறதெண்டால் சுத்தி எட்டு மணித்தியாலம்" என்றார் நானா.

அந்தப் பக்கத்தில் இருந்துதான் எங்களுக்குச் செல் குண்டு வந்தது. கதிர்காமு அண்ணை பென்சிலால் நெற்றியைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "அந்தப் பக்கத்தில இருந்து பணியாரமும் வரும்போல."

இனி நடந்தது எல்லாவற்றுக்கும் காரணம், கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று இங்கே எங்களுக்கு இருக்கிற அதே பழக்கம் அங்கே அவைக்கும் இருந்ததுதான். பணியாரச் சட்டியை நான் எப்படி வெறுமையாக வைத்திருக்கிறது? ஒடியல் மா போட்டு அனுப்பினேன். அவ குரக்கன் விதை போட்டு அனுப்பினா. நான் கருவாடு, அவ மரவள்ளித் தடி, நான் பனங்கட்டி, அவ கொறுக்காய்ப்புளி, அப்படியே சட்டி போகும், சட்டி வரும், நிறுத்துவதற்கு ஒரு வழியும் இல்லை, நிறுத்துகிற ஆள் மரியாதை கெட்ட ஆள் ஆகிவிடும். ஊரும் சேர்ந்துகொண்டது. விதைக்கு ஒரு பிடி மிளகாய் இல்லாமல் திரும்பி வந்த ஊர் எங்களுடையது, மூன்று கிழமையில் வளவுக்கு வளவு பயிற்றங்கொடி ஏறியது, கலேவத்தையில் முருங்கை துளிர்த்தது, கிணற்றுக்குள் கிடந்த சைக்கிளுக்கு அங்கிருந்து செயின் வந்தது. கதிர்காமு அண்ணையின் செக்கச்சிவந்த கோழி ஒன்று கோபித்துக்கொண்டு பங்கருக்குள் குதித்து, அங்கே போய் முட்டை போட்டுவிட்டு இங்கே சோறு தின்ன வந்தது. குஞ்சு ஆருக்கு என்று ஒரு கிழமை கடிதப் போக்குவரத்து நடந்தது. ஆளுக்குப் பாதி என்று முடிந்தது.

மனிசர் மட்டும் போக முடியவில்லை. புவனேஸ் அக்கா நல்ல சீலை உடுத்து, ஒரு காலைப்பொழுது முழுக்கப் பங்கரின் அடியில் குந்தியிருந்து பார்த்தா. ஒன்றும் நடக்கவில்லை.

"பங்கருக்கு மனிசரில அலுப்பு வந்திட்டுது. இவ்வளவு காலமும் எங்களைத்தானே அடைச்சு வச்சிருந்தது" என்று சொல்லி, புழுதியைத் தட்டிக்கொண்டு ஏறி வந்தா.

அன்றைக்கு அவ மடியில் இருந்து ஒரு படத்தை எடுத்துச் சட்டிக்குள் வைத்ததை நான் கண்டேன். அவவுடைய மகன் இளங்கீரன், கடைசி மாதத்தில் காணாமல் போனவன். விடியப் படம் திரும்பி வந்தது, கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து. பக்கத்தில் இன்னொரு சட்டம், அதற்குள் இராணுவ உடுப்புப் போட்ட ஒரு பெடியன், அவனுக்கும் மீசை சரியாக வரவில்லை. கடிதம் இல்லை. புவனேஸ் அக்கா இரண்டையும் மடியில் வைத்துச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "இவனுக்குக் காது பெருசு, தாய்க்கும் இப்பிடித்தான் இருக்கும்" என்றா. அதற்குப் பிறகு இரண்டு படமும் ஒரு கிழமை இங்கே, ஒரு கிழமை அங்கே. இங்கே நிற்கிற கிழமையில் அக்கா இரண்டு பேருக்கும் பூ வைப்பா.

இப்படி நாள் போனதில் மாத முடிவு வந்துவிட்டது.

மூடினால் குசுமாவின் முற்றம் போகும், சட்டி போகும், புவனேஸ் அக்காவின் இரண்டு பிள்ளைகளில் ஒருவன் போவான். மூடாவிட்டால் வீடு போகும், மாரிக்குள் மிதுஷா தகரத்துக்குக் கீழே இருமுவாள். இவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நானாவை வைத்துக் கலேவத்தைக்கு எழுதினோம், அவையும் எழுதினார்கள். ஜினதாசவுக்கும் குழியை மூடத்தான் விருப்பமாம், பேத்தி விழுந்துவிடுவாள் என்ற பயமாம். கடிதம் போய், கடிதம் வந்து, கடைசியில் ஒரு தாளில் இரண்டு ஊரும் ஒப்புக்கொண்டது: மண் போடக் கூடாது, முள்ளும் முசுறும் கூடாது, இரண்டு பக்கமும் பலகை மூடி போட வேண்டும், ஆரும் காய்ச்சலில் கிடந்தால் சட்டி தாமதிக்கலாம், உப்பு அவரவர் விருப்பம். நானா ஊரின் பெயரால் ஒப்பமிட்டார், அங்கிருந்து ஜினதாசவின் பெருவிரல் அடையாளம் வந்தது. கதிர்காமு அண்ணை பங்கரின் வாயைச் சுற்றிக் கிணற்றுக்குப் போடுகிற மாதிரிக் கொங்கிறீற் வளையம் போட்டு, அதில் இருந்து அத்திவாரத்தை இழுத்துக் கட்டினார்.

ஓவசியர் ஐயா கடைசி நாள் பின்நேரம் மூன்று மணிக்கு வந்தார். வளையத்தைப் பார்த்தார், பிளானைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் மூடச் சொன்னன். நீங்கள் முடி சூட்டி வச்சிருக்கிறியள்."

"ஐயா, உள்ளுக்குப் பக்கத்து வீடு இருக்கு" என்றார் இவர்.

"பக்கத்து வீடு பக்கத்திலதான் இருக்கும். கீழ இருக்காது. படிவத்தில ஒரு கேள்விதான்: பங்கர் மூடியாச்சுதா? இல்லை. முடிஞ்சுது." அவர் சேர்ட் பொக்கற்றில் இருந்து பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார்.

அந்த நேரம் பலகைக்குக் கீழே டங் என்று ஒரு சத்தம். இவர் இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தார்: ஒரு கண்ணாடிக் கிளாஸ் நிறைய வெறுந்தேத்தண்ணி, ஆவி பறக்க, கித்துள் வெல்லக் கட்டி ஒன்று கரண்டியில் சாத்தியபடி. ஐயா வருகிற நாள் என்று நாங்கள் எழுதியிருந்தோம். எட்டு மணித்தியாலத் தூரத்தில் இருந்து ஒருத்தி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றி அனுப்பியிருந்தா.

வெயிலில் வந்த மனிதன். பேனையைக் காதில் செருகினார், கட்டியைக் கடித்தார், குடித்தார், கண்ணை மூடித் திறந்தார், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுக் கிளாஸைப் பலகையில் வைத்தார். வைத்துவிட்டுக் காதுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"ஐயா," என்றது ஒரு குரல். அது என்னுடையது. ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, எனக்குக் கழுத்துவரை சூடேறியது. "வெறுங்கிளாஸ் அனுப்பக் கூடாது, ஐயா."

"என்ன?"

"குடிச்ச ஆள்தான் ஏதும் வச்சு அனுப்போணும். வெறுமையா அனுப்பினால் குசுமாக்காவுக்கு... ஐயாவைப் பற்றி அவ என்ன நினைப்பா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் ஒரு தாய் வளர்த்த ஆள்தானே, அவருடைய தாயும் ஒரு நாளும் அயலுக்கு வெறும் கிண்ணம் அனுப்பியிருக்க மாட்டா. காற்சட்டைப் பொக்கற்றைத் தடவினார், மோட்டார் சைக்கிள் திறப்பு, அதைக் கொடுத்தால் வீட்டுக்குப் போக முடியாது. கைலேஞ்சி, அது வியர்வை. குடை, அது கிளாஸுக்குள் நிற்காது. சுற்றிவரப் பார்த்தார், எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் காதில் இருந்த பேனையை எடுத்து, மூடியைக் கவனமாகப் பூட்டி, கிளாஸுக்குள் வைத்தார். இவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஏறி வந்தார்.

ஐயா கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார்.

"பேனை ஒண்டு தாங்கோ ஆரும்."

கதிர்காமு அண்ணை காதில் இருந்த பென்சிலை மெதுவாக எடுத்து மடிக்குள் செருகினார். றஃபீக் நானா டிப்பருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். புவனேஸ் அக்கா, "எங்கட ஊரில பேனையளெல்லாம் இடம்பெயர்ந்த நேரம் துலைஞ்சு போச்சுது ஐயா" என்றா, முகம் அசையாமல். நாலு மணிக்குக் கந்தோர் பூட்டும், பட்டியல் கொழும்புக்குப் போகும். எங்கள் பெயரை வெட்டுகிற கோடு மட்டும் கீறப்படாமல் பட்டியல் போனது.

அடுத்த நாள் பேனையை எடுக்க ஐயா தானாக வந்தார். அது ஒரு பொதி தொதல் இனிப்போடு வந்திருந்தது. அவர் ஒரு துண்டைத் தின்றுகொண்டு வளையத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.

"இந்த ஓட்டைக்கு நான் பிளானில என்ன எண்டு எழுதுறது?"

"அது குசினிக்க வரும் ஐயா" என்றார் இவர்.

ஐயா குசினியில் ஒரு சின்ன வட்டம் கீறினார். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

மாரி வந்தபோது கூரை ஏறியிருந்தது. ஓட்டில் மழை விழுகிற சத்தம் கேட்டு மிதுஷா கை தட்டினாள். இன்றைக்கு வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம், குசுமாக்காவும் ஜினதாசவும் பேத்தியும் நானாவின் டிப்பரில் முன்னுக்கு இருந்து வருகிறார்கள், விடியப் புறப்பட்டார்களாம். முகம் தெரியாத ஆளை எப்படி அடையாளம் காணுறது என்று இவர் கேட்டார். எனக்கு என்ன தெரியாது? உப்புக் கூடப் போடுகிற ஆள், தேங்காய்க்குக் கை கஞ்சத்தனம் இல்லாத ஆள், தையல் முடிச்சை உள்ளே மறைக்கிற ஆள், கோபம் வந்தால் முசுறு, ஆறினால் தேத்தண்ணி, எல்லாம் தெரியும். "வாங்கோ, இருங்கோ" என்பதை நானா சிங்களத்தில் சொல்லித் தந்தார், ஒரு கிழமையாகச் சொல்லிப் பார்க்கிறேன், நாக்கு மடங்குது இல்லை, ஆனாலும் அவ இறங்கி நேரே என் முன்னால் வந்து நிற்கிறபோது நான் முதலாவதாகச் சொல்ல இருக்கிறது அது இல்லை, அந்தச் சட்டையைக் கண்ட அன்றைக்குப் படிக்கட்டில் குந்தியிருந்து நான்

"ரஞ்சி! எடியே ரஞ்சி! டிப்பர் திரும்புது, ஓடி வாடி, அக்கா சொன்னன்தானே, தாய்க்கும் காது பெருசு!"

வாறன் அக்கா, இந்தா, கையைத் துடைச்சுக்கொண்டு